மூன்றாவது கண்ணாடி

கண்ணாடி உடைந்ததற்கெல்லாம் துப்பறிபவரைக் கூப்பிடுவார்களா என்று தாமோதரன் ரிக்‌ஷாவில் வரும்போதே கேலி செய்துகொண்டு வந்தான்.

“நாளைக்கு எங்கனா பூனை பாலைக் குடிச்சிட்சின்னு ஆள் அனுப்புவாங்க பாய். அதுக்கும் போவமா?”

துறைமுகப் போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து, மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் வேலையை உதறிவிட்டு வந்தவர் தமீம். பேச்சில் ரொம்பச் சிக்கனம். அவர் மிச்சம் பிடித்ததையெல்லாம் தாமோதரன் செலவழித்துவிடுவான். மீனவக் குடும்பத்தில் பிறந்தும் படகில் ஏறினால் குடலைப் புரட்டும் என்பதால், குப்பத்தை விட்டு வந்து துப்பறியும் தொழிலில் ஒட்டிக்கொண்டவன். வாய் மட்டும் குப்பத்து வாய்தான்.

ராயபுரம் கடலோரத்துக் கடைசி வீட்டின் வாசலில் இறங்கி, குணசுந்தரியின் முகத்தைப் பார்த்ததும் அந்த வாயும் அடங்கியது. முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். அழுது முடித்து, இனி அழக்கூடத் தெம்பில்லை என்பது போல் நின்றாள்.

“நாலு மணிக்கு ஓவர்சியரு வந்துடுவாரு பாய். அதுக்குள்ள இது இன்னார் வேலைன்னு நீங்க ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துடணும். இல்லேன்னா வூடு வெல போவாது. வெல போவலேன்னா...”

மிச்சம் ராயபுரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். அவள் புருஷன் ராமதாஸ் ஏழு மாதமாகத் தாம்பரம் ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளியோடு கிடக்கிறான். புதிதாக ஓர் ஊசி வந்திருக்கிறது, அதை இந்த மாதம் தொடங்கினால் ஆள் பிழைப்பான், தள்ளிப் போட்டால் உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசியை வெளியில்தான் வாங்கவேண்டும். விற்பதற்கு அவளிடம் இருந்தது இந்த ஒரு வீடு.

வீட்டை விற்பது லேசான காரியமா என்ன? பெண் பார்க்க வருகிறவர்களாவது பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு நல்ல வார்த்தை நாலு சொல்வார்கள். வீடு பார்க்க வருகிறவர் சுவரைத் தட்டுவார், உத்திரத்தைக் குத்துவார், கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுத் துப்புவார். குணசுந்தரியும் தன்னால் ஆனதைச் செய்திருந்தாள். சுவருக்கு வெள்ளை அடித்தாள், சாக்கடையைத் தானே குத்திவிட்டாள், கதவுக் கீலுக்கெல்லாம் எண்ணெய் போட்டாள். வாங்க வந்த கருவாட்டு மண்டி ஜெயவேல் ஓவர்சியர் தேசப்பனை அனுப்பி வீட்டைச் சோதிக்கச் சொன்னார். தேசப்பன் லஞ்சத்துக்குக் கை நீட்டாத மனிதர் என்று பேட்டை முழுக்கத் தெரியும். அதனாலேயே அவரை யாருக்கும் பிடிக்காது. உத்திரத்தில் கறையான் இல்லை, தளத்தில் ஒழுக்கு இல்லை, எல்லாம் சரி என்றவர் பின்கட்டு அறைக்குப் போனதும் நின்றுவிட்டார். கடலைப் பார்த்த சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து கூரைவரைக்கும் மயிரிழைபோல் ஒரு விரிசல்.

“பழைய விரிசலா, வளர்ற விரிசலா? அதைச் சுவரே சொல்லட்டும்” என்றார் தேசப்பன். விரிசலுக்குக் குறுக்கே, விரல் அகலத்தில் மூன்று கண்ணாடித் துண்டுகளை வைத்து, இரண்டு முனையிலும் சாந்து அப்பி ஒட்டினார். இடுப்பு உயரத்தில் ஒன்று, நெஞ்சு உயரத்தில் ஒன்று, கூரையை ஒட்டி ஒன்று. சுவர் சும்மா இருந்தால் கண்ணாடியும் சும்மா இருக்கும். சுவர் நூலளவு நகர்ந்தாலும் கண்ணாடி பட்டென்று பிளந்துவிடும். பதினைந்து நாள் கழித்து வந்து பார்ப்பேன் என்று சொல்லிப் போனார். அந்தப் பதினைந்தாவது நாள்தான் இன்றைய சனிக்கிழமை.

“வியாழக்கெழம காத்தால பாக்கறேன், மூணும் ஒடஞ்சி கீது” என்றாள் குணசுந்தரி. “எல்லாம் அந்த ஜெயவேலு வேல பாய். ஒடஞ்சா வெலையக் கொறைக்கலாம் இல்ல? அந்தாளு மண்டியில வேல செய்யறவன் ஒருத்தன் கையில கழியோட பின்னால சுத்திகினு இருந்ததை நானே பாத்தேன். ஜன்னல் வழியா கழிய வுட்டு அடிச்சிருப்பான்.”

“நீங்க எதையாவது தொட்டீங்களா அம்மா?” தமீம் கேட்டார்.

“ஐயோ, தொடுவனா? எப்டி இருந்திச்சோ அப்டியே கீது.”

பின்கட்டு அறை வாடகைக்கு விட்டது. அதில் இருந்தவள் ஜன்னத். புருஷன் துறைமுகத்தில் வேலை. மூன்று நாள் வண்ணாரப்பேட்டையில் தாய் வீட்டில் இருந்துவிட்டு, அன்று காலையில்தான் திரும்பியிருந்தாள். மூட்டை முடிச்சு இன்னும் அவிழ்க்கவில்லை. ஏழெட்டு மாதக் குழந்தை ஒன்று தரையில் தவழ்ந்து, நேராக உடைந்த கண்ணாடியின் கீழே போய், எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

தாமோதரன் பதறிப்போய்ப் பாய்ந்து குழந்தையின் வாயில் விரலை விட்டான். வெளியே வந்தது ஒரு பொரிகடலை.

“எந்த ஊர் மொதலாளிடா நீ, நான் வரதுக்குள்ள நாஸ்தா முடிச்சிட்ட” என்று குழந்தையைத் தூக்கி ஜன்னத்திடம் கொடுத்தான்.

தமீம் அந்தத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஜன்னத், வந்ததும் பெருக்கினியா அம்மா?”

“வெளக்குமாறையே இன்னும் கையில எடுக்கல பாய். இவன் எங்க வுடறான்?”

“அறைச் சாவி?”

“அக்கா கையில தான் குடுத்துட்டுப் போனேன்.”

இடுப்பு உயரக் கண்ணாடி இருந்த இடத்தில் இரண்டு சாந்துக் கட்டிகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒன்றுமில்லை. நெஞ்சு உயரத்திலும் அப்படியே. மேலே, கூரையை ஒட்டி இருந்தது வேறு மாதிரி. கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது. ஆனால் இரண்டு பாதியும் இடத்தைவிட்டு விழாமல் சுவரிலேயே இருந்தன. ஏணி இல்லாமல் அங்கே கை எட்டாது. அந்த வீட்டில் ஏணியும் இல்லை.

“தாமு, இன்னா தோணுது?”

“மேல அடிச்சவன் நல்ல மனுசன் பாய். பதவிசா அடிச்சிக்கீறான்.”

தமீம் முதல் தடவையாகச் சிரித்தார். அவர் சிரித்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று தாமோதரனுக்குத் தெரியும்.

இருவரும் வீட்டின் பின்பக்கம் போனார்கள். கடல் அங்கே இருபது முப்பது அடியில் சீறிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் நாலு வரிசை வலை காயப் போட இடம் இருந்த கரை. துறைமுகத்துக்குக் கல்லைக் கொட்டக் கொட்ட, கடல் இந்தப் பக்கத்து மணலை வருஷத்துக்குக் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருந்த மணலில் ஒரே ஒரு படகு கிடந்தது. சுவரில், ஆள் உயரத்துக்கும் மேலே ஓர் இரும்பு வளையம். அதில் முனை முடிந்த ஈரச் சேலை ஒன்று காற்றில் படபடத்தது. தமீம் எக்கி நின்று வளையத்தைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“யார் படகு அம்மா?”

“அவரோடது” என்றாள் குணசுந்தரி. குரல் கொஞ்சம் மாறியது. “ஞாயித்துக்கெழமன்னா தாம்பரம் போறேன் இல்ல பாய், என்னைப் பாத்ததும் நல்லா கீறியான்னு கேக்க மாட்டாரு. படகு கீதான்னு தான் கேப்பாரு. கீதுய்யான்னுவேன். அப்புறம் தான் கஞ்சியே குடிப்பாரு.”

தாமோதரன் படகுப் பலகையைத் தொட்டுப் பார்த்தான். சுறா எண்ணெய் பிசுபிசுத்தது. ஏழு மாதமாகக் கடலில் இறங்காத படகுக்கு இந்த வாரம்தான் எண்ணெய் பூசியிருந்தார்கள்.

ஜெயவேலின் மண்டி இரண்டு தெரு தள்ளி இருந்தது. கருவாட்டு வாசம் தெருமுனைக்கே வந்து வரவேற்றது. விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பருத்த மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தே விட்டார்.

“நானா? கண்ணாடிய நானா ஒடச்சேன்?”

“உங்க ஆள் ஒருத்தன் கழியோட அந்தப் பக்கம் சுத்தினானாமே?”

“தென்னங்கழி பாய்! எத்தினி அடி கீது எடம்னு அளந்து வரச் சொன்னேன். கிரகப்பிரவேசத்துக்குப் பந்தல் போடணும் இல்ல? என் பொண்ணு புள்ள பெத்து எங்க வூட்ல கீறா. அவ குடித்தனம் வெக்கத் தான் இந்த வூடு. கடல் காத்து வர்ற ஜன்னலோரம் தொட்டில் கட்டணும்னு அவ இப்பவே சொல்ட்டா.” அவர் குரல் தணிந்தது. “அந்தச் சுவத்தோரம் என் பேரப்புள்ள தூங்கப் போவுது. அதை நான் ஒடைப்பனா?”

“உடைஞ்சா விலையைக் குறைக்கலாமே.”

“வெலையா? ஒப்பந்தத்தைப் படிச்சிங்களா?” மேஜை இழுப்பறையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்தார். “கண்ணாடி ஒடஞ்சா பேரமே ரத்து. சாயற வூடு எனக்கு சொம்மா குடுத்தாலும் வாணாம். இந்தப் பேரம் போச்சுன்னா நான் வேற வூடு தேடணும். பேஜாரு எனக்குந்தான்.”

வெளியே வந்ததும் தாமோதரன் வேட்டியை மடித்துக் கட்டினான். “போச்சி. கொலைகாரனையே பாத்திருக்கலாம், இந்தக் கருவாட்டு வாசனைக்கு. இவன் இல்லன்னா யாரு பாய்?”

“தரையைப் பார்த்தே இல்ல?” என்றார் தமீம்.

“பாத்தேன். பொரிகடலை இருந்திச்சி.”

“கண்ணாடித் துண்டு இருந்ததா?”

தாமோதரன் நின்றுவிட்டான்.

“எதிராளி ஒருத்தன் ஜன்னல் வழியா கழியால அடிக்கிறான். கண்ணாடி சுக்குநூறா உள்ளே விழுது. அவன் பாட்டுக்குப் போயிடுவான். ஆனா இங்கே யாரோ பூட்டின அறைக்குள்ள போய், ஒரு தூள் விடாமப் பொறுக்கி எடுத்திருக்காங்க. தவழ்ற குழந்தை திரும்பி வரப் போகுதுன்னு நினைச்சுப் பொறுக்கியிருக்காங்க. இந்த மாதிரி ஒரு விரோதியை நான் இத்தனை வருஷ சர்வீஸ்ல பார்த்ததில்லை.”

“பாய்... அப்ப...” தாமோதரனுக்கு அதை வாய்விட்டுச் சொல்லப் பிடிக்கவில்லை.

“அந்தத் துண்டெல்லாம் எங்கே போயிருக்கும்? கடல் பக்கத்துலயே இருக்கு. வீசியிருக்கலாம்.”

“அந்தம்மா வீசாது” என்றான் தாமோதரன் உடனே. இதில் மட்டும் அவனுக்குச் சந்தேகமே இல்லை. “கரைக் கடல்ல கண்ணாடி போட மாட்டாங்க. வெறுங்கால்ல எறங்கி வல இழுக்கற எடம் அது. குப்பையிலயும் போடாது, பொறுக்க வர்ற புள்ளைங்க கையக் கிழிச்சிக்கும். எங்கனா டப்பாவுல போட்டு, ஆள் கால் படாத எடத்துல...”

பேசிக்கொண்டே வந்தவன் சட்டென்று வேகமாக நடந்தான். அந்தக் கரையில் யாருடைய காலும் படாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. படகின் உள்ளே, முன்பலகைக்கு அடியில், சுருட்டி வைத்த தேங்காய்நார்க் கயிற்றுக்குக் கீழே அந்தப் பால் பவுடர் டப்பா கிடைத்தது. ஆட்டிப் பார்த்தான். உள்ளே கலகலவென்றது. ஜெயித்த சந்தோஷம் துளிகூட வரவில்லை. யார் வீட்டிலோ திருடிவிட்டது போல் இருந்தது.

குணசுந்தரி பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பாவைக் கண்டதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். தமீம் அதட்டவில்லை. அவளுக்கு எதிரே மணலில் தானும் உட்கார்ந்துகொண்டார்.

“கீழே இருந்த ரெண்டும் நீங்க உடைச்சது. மேலே இருந்தது தானா உடைஞ்சது. சரிதானே அம்மா?”

அவள் தலையை ஆட்டினாள்.

“தெனம் காத்தால எந்திரிச்சதும் அந்தக் கண்ணாடிங்களத் தான் பாய் பாப்பேன். காய்ச்சக்காரன் நெத்தியத் தொட்டுப் பாக்கற மாதிரி. பன்னெண்டு நாளு ஒண்ணும் ஆவல. அமாவாசைக்கு மறுநாள் பாக்கறேன், மேல ஒண்ணு பொளந்துகினு கீது. ஒண்ணு ஒண்டி ஒடஞ்சா வூடு சாயுதுன்னு தான ஓவர்சியரு எழுதுவாரு? மூணும் ஒடஞ்சா, எவனோ வம்புக்கு ஒடச்சான்னு ஆவும். புதுசா ஒட்டிட்டு இன்னும் பதினஞ்சு நாளு பாப்பாரு. நடுவுல ஜெயவேலு முன்பணமா கொஞ்சம் குடுத்தாருன்னா ஊசியத் தொடங்கிடலாம்னு...” முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். “கல்லெடுத்து நான் தான் அடிச்சேன் பாய். ஜன்னத்து புள்ள தவழுமேன்னு ஒக்காந்து ஒக்காந்து பொறுக்கனேன்.”

“அந்தக் குழந்தை கண்ணாடியில கையை வைக்கக் கூடாதுன்னு பொறுக்கினீங்க. ஆனா சாயற சுவத்தடியில அதுவே தூங்குது. நாளைக்கு ஜெயவேல் பேரன் தூங்கும். அதை நினைச்சீங்களா?”

தமீம் மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி அவளை அறைந்ததைத் தாமோதரன் கண்ணால் பார்த்தான். அவனுக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. வாழ வேண்டிய புருஷன் ஒரு பக்கம், ஊரான் வீட்டுக் குழந்தை ஒரு பக்கம் என்று யார் வீட்டிலும் இப்படித் தராசு தூக்க வேண்டி வரக்கூடாது.

“நெனச்சேன்” என்றாள். “ரெண்டு நாளா அதையே தான் நெனச்சிகினு கீறேன். இன்னா பண்ணச் சொல்றீங்க? கடலு துன்னுது. மண்ணத் துன்னுச்சி, முளைக்குச்சியத் துன்னுச்சி, இப்ப வூட்டைத் துன்னுது. எங்கிட்ட எத்தத் தான் வுட்டு வெக்கும் அது?”

மணி மூன்றரை ஆகியிருந்தது. தாமோதரன் காலால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றான். தமீம் எழுந்து, திரும்பவும் அந்தச் சுவரருகே போய், வளையத்தை அண்ணாந்து பார்த்தார்.

“தாமு, ராயபுரத்துக் காத்துல ஒரு இரும்பு எத்தனை நாள் துருப் பிடிக்காம இருக்கும்?”

“நாலு நாள் தாங்காது பாய். என் சைக்கிள் பெல்லு இப்ப கறுப்பா செகப்பான்னே தெரியாது. அடிச்சா இருமுது.”

“அதோ, ஜன்னல் கம்பியும் துரு. கதவு நாதாங்கியும் துரு. இந்த வளையத்தோட உள்பக்கம் மட்டும் வெள்ளிக் காசு மாதிரி மினுக்குது. ஏன்?”

“இது ஒரு கேள்வியா?” தாமோதரன் அலட்சியமாகச் சொன்னான். “படகு கட்டற வளையம் மினுக்காம இன்னா பண்ணும்? ராவெல்லாம் அலை மோத மோத, படகு கயித்த இழுத்துகினே கெடக்கும் இல்ல...”

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான். காலையிலிருந்து அந்த வளையத்தை அவன் நாலு தரம் பார்த்திருக்கிறான். படகில் கிடந்த கயிற்றைக் கையால் தூக்கியே பார்த்திருக்கிறான். குப்பத்தில் பிறந்தவனுக்குப் படகையும் கயிற்றையும் வளையத்தையும் பார்த்தால் சந்தேகம் எப்படி வரும்? படகு என்றால் எதிலாவது கட்டத்தானே வேண்டும்!

குணசுந்தரி எழுந்து நின்றாள்.

“ஐப்பசியில படகு கட்டற முளைக்குச்சிய அலை தூக்கிகினு பூட்ச்சி” என்றாள், யாருக்கோ சொல்வது போல. “நட்டா நிக்கல. மணலே இல்ல. இழுத்து மேல போட எங்கிட்ட ஆம்பளைங்க ஏது? அவரு வல காயப் போட அடிச்ச வளையம், சொவத்த துளைச்சி உள்ள பட்டை வெச்சி அடிச்சது. பலமா கீதேன்னு... பொழுது சாஞ்சா கட்டுவேன், விடிஞ்சா அவுத்துடுவேன். அமாவாசையன்னிக்கு அலை வந்து படக அப்டியே தூக்கித் தூக்கி இழுத்துகினு இருந்திச்சி. நான் ஜன்னல்ல நின்னு கும்பிட்டுகினே இருந்தேன். கயிறு அறுந்துடக் கூடாதுன்னு கும்பிட்டேன் பாய்.”

அவள் எக்கி அந்த வளையத்தைப் பிடித்தாள்.

“சொவத்த நகத்தினது கடலு இல்ல” என்றாள். “நான் தான்.”

சரியாக நாலு மணிக்கு ஓவர்சியர் தேசப்பன் வந்தார். பின்னால் ஏணியோடு ஒரு கொத்தனார். தாமோதரன் தமீமின் காதருகே குனிந்தான். “பாய், கடுதாசி எழுதப் போறீங்களா?”

“எழுதறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லை. அந்த அம்மா கிட்டத்தான் இருக்கு.”

அவள் தானாகவே முன்னால் போனாள். பால் பவுடர் டப்பாவை ஓவர்சியர் கையில் கொடுத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கல், கண்ணாடி, கயிறு, எல்லாவற்றையும். சொல்லும்போது அவள் முதுகு நிமிர்ந்திருந்ததைத் தாமோதரன் கவனித்தான். தேசப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஏணியில் ஏறி, சுவரைச் சுத்தியால் தட்டித் தட்டிக் கேட்டார். இறங்கிவந்து வெளிச் சுவரின் அடியில் மண்ணைக் கிளறிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“இந்த வளையத்தை அன்னைக்கே நான் பார்த்தேன். துணி காயுதேன்னு விட்டுட்டேன். மதியத்துல வந்தா படகு கட்டறது எங்கே தெரியும்” என்றார் தன் மேலேயே எரிச்சலோடு. “அஸ்திவாரம் அசையலை அம்மா. மேலே இழுத்திருக்கு, அதான் மேலே மட்டும் விட்டிருக்கு. வளையத்தைப் பிடுங்கி, உள்ளே ஒரு இரும்புப் பட்டை போட்டா நிக்கும். ஆனா நான் இன்னைக்குக் கையெழுத்துப் போட முடியாது. புதுக் கண்ணாடி ஒட்டறேன். பதினைஞ்சு நாள்.”

“பதினஞ்சு நாளா?”

“அதுக்கு முன்னாடி போட்டா அது பொய்க் கையெழுத்து. ஜெயவேலு கிட்ட நடந்ததை அப்படியே சொல்வேன். காத்திருக்கிறதும் போறதும் அவர் இஷ்டம். நீங்களே சொன்னீங்கங்கறதையும் சேர்த்துச் சொல்வேன்.” குரலைக் கொஞ்சம் இறக்கினார். “அதுவரைக்கும் அந்தப் பொண்ணும் குழந்தையும் முன்கட்டுல படுக்கட்டும். அப்புறம் அந்தப் படகு. இன்னொரு ராத்திரி இந்தச் சுவர்ல கட்டக் கூடாது.”

வீட்டைக் காப்பாற்றும் வழி அவ்வளவுதான். படகுக்கு வழி எங்கே? அலை அப்போதே ஏறிக்கொண்டிருந்தது. படகின் அடிப்பலகையைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனது. பொழுது சாய்ந்தால் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

“யக்கா” என்றான் தாமோதரன். “காசிமேட்டாண்ட எங்க சித்தப்பா புள்ளைங்க கீறானுங்க. அங்க இன்னும் மணல் கீது. ஆள் இருந்தா இழுத்து மேல போட்டுடலாம். நீ சொன்னா கூட்டியாறேன்.”

“கொண்டுபோனா தொழிலுக்கு எறக்குவாங்க இல்ல?”

அவனால் பொய் சொல்ல முடியவில்லை. “சொம்மா போட்டு வெக்க எவனுக்கும் எடம் ஏது? எறக்கித் தான் தீருவானுங்க. ஒரு அடி பட்டா பட்டது தான். திரும்பி வருமான்னு நான் எப்டி சொல்ல?”

குணசுந்தரி எண்ணெய் பூசிய பலகையை ஒரு முறை நீளவாட்டில் தடவினாள்.

“கூட்டிகினு வா நைனா” என்றாள்.

ஐந்து பேர் வந்தார்கள். அதற்குள் கொத்தனார் வளையத்தை அடித்துப் பெயர்த்துவிட்டிருந்தார். சுவரில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. படகைத் தண்ணீரில் தள்ளியபோது தாமோதரனும் ஏறிக்கொண்டான். படகில் ஏறக் கூடாது என்று சத்தியம் செய்திருந்தவன்தான். ஆனால் அவள் பார்வைக்கு முன்னால் அதை வேறு ஆட்களிடம் விட்டுவிட அவனுக்கு மனம் வரவில்லை. முதல் அலையிலேயே குடல் வாய்க்கு வந்தது.

“யக்கா!” என்று கரையைப் பார்த்துக் கத்தினான். “நாளைக்கு ஞாயித்துக்கெழம! படகு கீதான்னு கேட்டா இன்னா சொல்லுவ?”

கேட்ட பிறகுதான் ஏன் கேட்டோம் என்று இருந்தது. அவள் கையில் பெயர்த்தெடுத்த வளையம் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

“கீதுன்னும் சொல்ல மாட்டேன், பூட்ச்சின்னும் சொல்ல மாட்டேன்!” அலைச் சத்தத்துக்கு மேலே அவள் குரல் வந்தது. “எந்திரிச்சி வந்து நீயே பாத்துக்கோய்யான்னு சொல்லுவேன்!”

துடுப்பு தண்ணீரில் விழுந்தது. தாமோதரன் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். தமீம் மணலில் நின்று படகைப் பார்த்துக்கொண்டிருந்தார். குணசுந்தரி அங்கே இல்லை. ஜன்னல் வழியே அவள் முதுகு தெரிந்தது. உள்ளே ஓவர்சியர் ஏணியின் உச்சியில் நின்று மூன்றாவது கண்ணாடியை ஒட்டிக்கொண்டிருந்தார். அவள் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.